கணக்கில் விளங்கிய தேவபயம்

வேதாகமத்தில் தேவபயம் பேசப்படும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றில் பல ஆலயத்துக்கு வெளியே நடப்பவை. செவிடனை நிந்திக்கவும் குருடன் போகும் வழியில் தடைக்கல் வைக்கவும் கூடாது என்று விதிக்கும் லேவியராகமம் 19ஆம் அதிகாரம், அதே மூச்சில் தேவனுக்குப் பயப்படச் சொல்கிறது. நிந்தித்தது செவிடனுக்குக் கேட்காது. கல்லை வைத்தவன் யாரென்று குருடனுக்குத் தெரியாது. தட்டிக்கேட்க ஆளில்லாத அந்த இடத்தில்தான் தேவபயத்துக்கு வேலை.

யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் பார்வோனின் ஆணையை மீறி எபிரெய ஆண் குழந்தைகளை உயிரோடு காத்ததற்கும் தேவபயமே காரணம். நெகேமியா 12 ஆண்டுகள் யூதேயாவின் அதிபதியாக இருந்தும் அந்தப் பதவிக்குரிய படியைத் தொடவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் வாங்கியதோடு, 40 சேக்கல் வெள்ளியும் பெற்றார்கள். தாம் அப்படிச் செய்யாததற்கு அவர் காட்டும் காரணமும் தேவபயம்தான். தேவபக்தியை வருமானத்துக்கு வழியாக எண்ணுகிறவர்களை விட்டு விலகும்படி பவுல் தீமோத்தேயுவை எச்சரித்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே.

இதைத் தமிழ் மண்ணில் வாழ்ந்து காட்டியவர்களில் கிறிஸ்டியான் பிரெட்ரிக் சுவார்ட்ஸ் ஐயர் முதல் வரிசையில் நிற்கிறார். பிரஷ்யாவின் சோனன்பர்க் ஊரில் 1726இல் பிறந்த அவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தபோதே, இந்தியாவில் ஊழியம் செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ச்சிடம் தமிழ் கற்றார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சில மாதங்களிலேயே, சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். 1798இல் தஞ்சையில் உயிர்துறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

திருச்சியில் அவர் வாழ்ந்த விதத்தை, நேரில் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 48 பவுன் வருமானம். பழைய கட்டடம் ஒன்றில் கட்டில் போட்டால் நிறைந்துவிடும் ஓர் அறை. பெரும்பாலோர் நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கூரை. உணவு, உள்ளூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். கருஞ்சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணி ஓராண்டு உடைக்குப் போதும். கோட்டையிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்கு முதலில் ஊதியமின்றியே ஆராதனை நடத்தினார். பிறகு சென்னை அரசு ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தபோது, அந்தப் பணமும் ஊழியத்துக்கும் பள்ளிக்குமே போனது. 

1779இல் அவருக்கு வேறுவிதமான சோதனை வந்தது. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் எண்ணத்தை அறிந்துவர, சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு அவரைச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். கிழக்கிந்தியக் கும்பினியின் தூதர்களை நம்பாத ஹைதர், இந்தப் பாதிரியாரை மரியாதையோடு வரவேற்றுப் பேசினார். புறப்படும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் அடங்கிய பை ஒன்று வந்து சேர்ந்தது. ஐயர் மறுத்துப் பார்த்தார்; முடியாமல் வாங்கிக்கொண்டார். சென்னை வந்ததும் பையை அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளும்படி அதிகாரிகள் வற்புறுத்தியபோது, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதல் நிதியாக்கினார். அடுத்த ஆண்டே ஹைதரின் படை, அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழ்ச் சீமையில் இறங்கி ஊர்களைச் சூறையாடியது. அந்த நாட்களிலும், சுவார்ட்ஸ் ஐயரைத் தடையின்றிப் போகவிடும்படி ஹைதர் தம் தளபதிகளுக்கு உத்தரவிட்டிருந்தார்.

அதே போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. சுற்றியிருந்த சீமையில் நெல் இருந்தது. அதை ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் முன்பு வண்டி வண்டியாகச் சுமந்து கொடுத்தும் கூலி பெறாதவர்கள். அரசர் துளஜாவின் ஆணைக்கும் அவர்கள் அசையவில்லை. கும்பினி அதிகாரிகள் பேச்சும் எடுபடவில்லை. கடைசியில் அரசரே, பாதிரியாரின் வாக்கை நம்புகிறார்களா பார்ப்போம் என்று ஐயரிடம் பொறுப்பைக் கொடுத்தார். எதிரி கொண்டுபோகும் ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையால் விலை தருகிறேன் என்று அவர் ஊர்களுக்கு எழுதினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. உபதேசியார்களும் சபையாரும் உயிரைப் பணயம் வைத்து உடன் சென்றார்கள். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து இறங்கியது. பேசிய கூலியை ஒவ்வொருவருக்கும் கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார்.

போருக்குப் பின் வரிக்கொடுமை தாளாமல் நிலத்தை விட்டு ஓடிய குடியானவர்களும் அவர் சொன்ன பிறகுதான் திரும்பினார்கள். ஒரே நாளில் 7,000 பேர் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் தஞ்சை நிர்வாகத்தைச் சீர்செய்யும் குழுவில் அவருக்கு இடம் தரப்பட்டபோது, யார்மீதும் பலவந்தம் செய்யும் வேலையைத் தம்மிடம் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

அரசராலும் அசைக்க முடியாத மாட்டுக்காரரை ஒரு பாதிரியாரின் கடிதம் அசைத்ததற்கு அதிகாரமோ சாமர்த்தியமோ காரணமில்லை. அவர் எளிமையாக வாழ்ந்த முப்பது ஆண்டு வாழ்க்கை ஊருக்குத் தெரிந்திருந்தது. தினமும் காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபித்து ஊர்களுக்கு அனுப்பியவர், மாலையில் அவர்கள் திரும்பியதும் என்ன நடந்தது என்று கேட்டறிந்தார். அந்த ஜெபமும் கூலிக் கணக்கும் அவருக்கு ஒரே தேவனுடைய சமுகத்தில் நடந்தவை. இந்த இரண்டையும் பிரித்து வைத்த இடங்களில்தான் இன்று கிறிஸ்தவன் என்ற பெயருக்கு நிந்தை வருகிறது.

அவர் வளர்த்த தஞ்சை அரசர் சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும், ஜான் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு, மரணப் படுக்கையில் ஐயர் கிடக்க, அவர் கையைப் பற்றியபடி தாம் நிற்கும் சலவைக்கல் சிற்பத்தைச் செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் அது இருக்கிறது.

ஆலய விழா கொண்டாடும் இன்றைய சபைகளிடம் வேண்டுவது இதுதான்: காணிக்கைக் கணக்கையும் கட்டட நிதியையும் சபையார் எல்லோர் முன்பும் முழுமையாக வாசியுங்கள். ஆலயத்தில் பெருக்குகிறவருக்கும் காவல் காப்பவருக்கும் உரிய கூலியை உரிய நாளில் கொடுங்கள். கொடுத்து நிறைவேற்றாத வாக்கு ஏதேனும் இருந்தால், அடுத்த விழாவுக்கு முன் அதை நிறைவேற்றுங்கள்.