ஜேம்ஸ் பாண்ட் திரைப்பட வரிசையின் அடையாள இசை: மூலமும் நடிகர்வழி வேறுபாடுகளும்

முன்னுரை

சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காண்பது தமிழ்ப் பதிப்புத்துறையில் நிலைபெற்ற நெறியாகும். ஒரு செய்யுள் பல சுவடிகளில் பலவாறு காணப்படும்போது, மூலம் எது, மாற்றம் எது, மாற்றத்திற்குக் காரணம் யாது என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. எழுத்துச் சான்றுகளுக்குரிய இவ்வினாக்களைத் திரையிசைக்கும் பொருத்திக் காண இயலும். அதற்கு ஏற்ற சான்றாக அமைவது பிரித்தானிய உளவாளி ஜேம்ஸ் பாண்டின் அடையாள இசையாகும்.

1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் இவ்வரிசையில் 25 படங்களைத் தயாரித்தது. அவற்றில் ஷான் கானரி 6, ஜார்ஜ் லேசன்பி 1, ரோஜர் மூர் 7, டிமோத்தி டால்ட்டன் 2, பியர்ஸ் பிராஸ்னன் 4, டேனியல் கிரெய்க் 5 என ஆறு நடிகர்கள் பாண்டாக நடித்தனர். முகமும் குரலும் மாறியபோதும் பாத்திரம் ஒன்றே எனப் பார்வையாளர் ஏற்பதற்கு அடையாள இசை பெருந்துணை புரிந்தது. ஆயினும் அவ்விசையும் ஒரே வடிவில் நிற்கவில்லை. நடிகர்தோறும் இசை மாறுகிறது என்பது பரவலான கருத்து. மாற்றத்திற்குக் காரணம் நடிகரா, இசையமைப்பாளரா, காலமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓர் இசையமைப்பாளர் பல நடிகர்க்கு அமைத்த இசை, ஒரு நடிகர்க்குப் பலர் அமைத்த இசை, நடிகர் இருந்தும் அடையாள இசை இல்லாத படம் என்னும் மூவகைச் சான்றுகள் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

அடையாள இசையின் பிறப்பு

முதற்படமான 'டாக்டர் நோ' (1962) படத்திற்கு இசையமைத்தவர் மான்ட்டி நார்மன். அதன் அடையாள இசை அப்படத்திற்கென முற்றிலும் புதிதாகப் பிறந்ததன்று. டிரினிடாட் தீவில் வாழும் இந்திய வம்சாவளியினரைப் பற்றி வி.எஸ். நைப்பால் எழுதி 1961இல் வெளியான 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' என்னும் புதினத்தை இசைநாடகமாக்கும் முயற்சி ஒன்று மேற்கொள்ளப்பட்டது. அம்முயற்சி அரங்கேறவில்லை. அதற்காக நார்மன் அமைத்த 'குட் சைன், பேட் சைன்' என்னும் பாடல், தீய நிமித்தத்துடன் பிறந்த ஒருவனின் முறையீடாக அமைந்தது. இந்தியச் சாயலில் அமைந்த அப்பாடலின் மெட்டைத் துண்டுகளாகப் பிரித்து, கிதாருக்கு உரியதாக மாற்றியபோது பாண்ட் இசையின் மையப்பகுதி உருவாயிற்று. 2005இல் நார்மன் இப்பாடலைக் குறுந்தகடு வழி வெளியிட்டபோது, இரண்டற்கும் உள்ள உறவைக் கேட்போர் நேரே உணர முடிந்தது.

கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்காக எழுதப்பட்ட மெட்டு, பேரரசின் உளவாளிக்கு அடையாளமானது வரலாற்று முரண் எனலாம்.

நார்மன் தந்த மெட்டைப் பல்லியக் குழுவுக்கு ஏற்ப விரித்து அமைத்தவர் ஜான் பேரி. கிதார் வாசித்தவர் விக் ஃப்ளிக். ஆக, மெட்டு ஒருவருடையது, அமைப்பு மற்றொருவருடையது, ஒலி மூன்றாமவருடையது. 'மூலபாடம்' என்னும் சொல் இவ்விடத்தில் எதனைக் குறிக்கும் என்பது தொடக்கத்திலேயே சிக்கலுக்குரியதாகிறது.

இசையின் கட்டமைப்பு

இவ்விசையில் நான்கு கூறுகளைப் பிரித்தறியலாம். முதலாவது, அடித்தளமாக ஊர்ந்து செல்லும் நான்கு சுர நகர்வு. அடிப்படைச் சுருதியை ஷட்ஜமாகக் கொண்டால் அது பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், மீண்டும் சுத்த தைவதம் என அமையும். ஒரே சுரத்தின் இரு நிலைகளும் அடுத்தடுத்து வருவதால் தோன்றும் அமைதியின்மை, ஒளிந்து நோக்கும் உளவாளிக்குப் பொருந்துகிறது. இரண்டாவது, ஷட்ஜம், சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம் ஆகியவற்றைச் சுற்றி வரும் கிதார் மெட்டு. மூன்றாவது, ஜாஸ் பாணியில் பித்தளைக் கருவிகள் முழங்கும் நடுப்பகுதி. நான்காவது, காகலி நிஷாதமும் ரிஷபமும் கலந்து தீர்வின்றி நிற்கும் இறுதிச் சுரக்கூட்டு.

இந்நான்கும் எல்லாப் படங்களிலும் ஒருசேர வருவதில்லை. ஆயினும் ஏதேனும் ஒன்று ஒலித்த அளவிலேயே கேட்போர் பாண்டை இனங்கண்டுகொள்கின்றனர். வேறுபாடுகளை ஏற்றும் அடையாளம் அழியாமைக்கு இக்கூறுகளின் தனித்தியங்கும் ஆற்றலே காரணம் எனக் கருதலாம்.

ஓர் இசையமைப்பாளர், நான்கு நடிகர்கள்

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) முதல் 'த லிவிங் டேலைட்ஸ்' (1987) வரை ஜான் பேரி 11 படங்களுக்கு இசையமைத்தார். கானரி, லேசன்பி, மூர், டால்ட்டன் ஆகிய நால்வர்க்கும் அவர் இசையமைத்துள்ளமையால், நடிகர் மாற்றத்தின் விளைவை அறிய அவர் இசை சிறந்த சான்றாகும்.

கானரியின் படங்களில் கிதாரும் பித்தளைக் கருவிகளும் முதன்மை பெற்றன. 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரட் சர்வீஸ்' (1969) படத்தில் புதியவரான லேசன்பி தோன்றியபோது, கிதாரின் இடத்தை அக்காலத்தில் புதிதாகப் பரவிய மூக் மின்னிசைக் கருவிக்குப் பேரி அளித்தார். மெட்டு மாறவில்லை, அதனைத் தாங்கிய கருவி மாறிற்று. பழைய பாண்டே வந்துள்ளான் என்பதை மெட்டும், வந்தவன் புதியவன் என்பதைக் கருவியும் உணர்த்தின. 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்தில் கானரி மீண்டும் வந்தார். ஹோவர்கிராஃப்ட் காட்சியில் அவருடன் கிதாரும் முழுப் பல்லியத்துடன் திரும்பிற்று.

மூர் நடித்த 'த மேன் வித் த கோல்டன் கன்' (1974), 'மூன்ரேக்கர்' (1979) ஆகியவற்றின் தொடக்கத்தில் பேரி, மெட்டை வயலின் குழுவிடம் ஒப்படைத்தார். கானரியின் முரட்டுத்தன்மைக்குக் கிதாரின் நறுக்கென்ற ஒலி பொருந்தியது போல, மூரின் நயத்தக்க எள்ளலுக்கு நரம்பிசையின் மென்மை பொருந்திற்று. டால்ட்டனுக்கு அமைத்த இசையில் பேரி மின்னணுத் தாளத்தைப் பல்லியத்துடன் இணைத்தார்; விரைவும் இறுக்கமும் கூடின. இசையமைப்பாளர் ஒருவராகவே இருக்க, நடிகர் மாறியபோது ஒலிநிறமும் மாறியமை இதனால் புலனாகிறது. எனினும் 1969இன் மூக் கருவியும் 1987இன் மின்னணுத் தாளமும் அவ்வக்காலத்தின் வரவுகள் என்பதையும் உடன் கருதவேண்டும்.

ஒரு நடிகர், நான்கு இசையமைப்பாளர்கள்

மூரின் 7 படங்களுக்கு ஜார்ஜ் மார்ட்டின், ஜான் பேரி, மார்வின் ஹாம்லிஷ், பில் கான்டி ஆகிய நால்வர் இசையமைத்தனர். 'லிவ் அண்ட் லெட் டை' (1973) படத்தில் மார்ட்டின், அடையாள இசைக்கு ஃபங்க் தாளத்தை அளித்தார். 'த ஸ்பை ஹூ லவ்டு மீ' (1977) படத்தின் தொடக்கப் பனிச்சறுக்குத் துரத்தலில் ஹாம்லிஷ் அமைத்த 'பாண்ட் 77', அக்காலத்து டிஸ்கோ நடன இசையைத் தழுவியது. கான்டியும் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' (1981) படத்தில் பித்தளைக் கருவிகளையும் நடனத் தாளத்தையும் இணைத்தார்.

நடிகரே காரணமாயின் இவை அனைத்தும் ஒத்திருத்தல் வேண்டும், அவ்வாறு இல்லை. எனவே 'மூரின் இசை' என ஒன்றைத் தனித்துச் சுட்டுவது பொருந்தாது. நடிகர் ஒருவராகவே இருக்க, இசை காலத்தோடு ஓடியது என்பதே இப்படங்கள் காட்டும் உண்மையாகும்.

1983ஆம் ஆண்டின் இரு படங்கள்

இவ்வாய்வில் தனிக்கவனம் பெறவேண்டிய ஆண்டு 1983. மூர் நடித்த 'ஆக்டபுசி', கானரி நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' ஆகிய இரண்டும் அவ்வாண்டில் வெளிவந்தன. பின்னது ஈயான் நிறுவனத்தின் படைப்பன்று. ஆதலின் அடையாள இசையை அதில் பயன்படுத்த இயலவில்லை. மிஷேல் லெக்ராண்ட் வேறு இசை அமைத்தார். முதன்முதல் அவ்விசையுடன் தோன்றிய நடிகர், அவ்விசையின்றிப் பாண்டாக நின்றார். இசை நடிகருக்கு உரியதன்று, வரிசைக்கு உரியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு வலுவூட்டும் மற்றொரு செய்தியும் உண்டு. துப்பாக்கிக் குழலின் வழியே பாண்ட் நடந்து வரும் புகழ்பெற்ற தொடக்கக் காட்சியில், முதல் மூன்று படங்களிலும் நடந்தவர் கானரி அல்லர். சண்டைக் கலைஞர் பாப் சிம்மன்ஸ். இசை தொடக்கத்திலேயே ஒரு முகத்தைச் சாராது ஒரு நிழலுருவைச் சார்ந்து நின்றது.

'ஆக்டபுசி'யிலோ இசை கதைக்குள்ளேயே நுழைகிறது. உதய்ப்பூரில் படகில் வந்திறங்கும் பாண்டுக்கு, பாம்பாட்டி வேடத்தில் இருக்கும் உளவுத்துறைத் தொடர்பாளர் மகுடியில் இவ்விசையின் சில சுரங்களை வாசித்துக் குறிப்புணர்த்துகிறார். அப்பாத்திரத்தை ஏற்றவர் சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். பார்வையாளர் மட்டுமே கேட்டுவந்த இசையைப் பாத்திரமும் கேட்டு இனங்காண்பது நகைச்சுவைக்காக அமைந்தது. எனினும் அயலக இந்தியரின் வாழ்வைப் பாட எழுந்த மெட்டு, இருபது ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வரும்போது பாம்பாட்டியின் மகுடியில் வந்து சேர்ந்தது எண்ணத்தக்கது. மேலைத் திரைப்படம் இந்தியாவுக்கு எனக் கொண்டிருந்த வாய்பாடு மெட்டின் பிறப்பை மறைத்து, அதனை வேடிக்கையாகத் திருப்பித் தந்தது.

மரபின் எல்லையும் ஆர்னால்டின் இரு நெறிகளும்

பிராஸ்னனின் முதற்படமான 'கோல்டன்ஐ' (1995) படத்தில் எரிக் செரா, அடையாள இசையை மின்னணு ஒலிகளாலும் முரசொலிகளாலும் வெகுவாக உருமாற்றினார். பீட்டர்ஸ்பர்க் நகரப் பீரங்கி வண்டித் துரத்தலுக்கு மட்டும் ஜான் ஆல்ட்மன் என்பாரைக் கொண்டு மரபுவழி வடிவம் புதிதாக அமைக்கப்பட்டது. வேறுபாட்டிற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும், அவ்வெல்லையைத் தயாரிப்பாளர் காத்தனர் என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அடுத்து வந்த டேவிட் ஆர்னால்டு, 'டுமாரோ நெவர் டைஸ்' (1997) முதல் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' (2008) வரை 5 படங்களுக்கு இசையமைத்தார். அவற்றுள் மூன்று பிராஸ்னனுக்கும் இரண்டு கிரெய்க்கிற்கும் உரியவை. பிராஸ்னனின் படங்களில் மின்னணுத் தாளமும் பல்லியமும் கலந்த அடையாள இசை தாராளமாக ஒலிக்கிறது. கிரெய்க்கின் 'கேசினோ ராயல்' (2006) படத்திலோ ஆர்னால்டு அதனை முழுவடிவில் ஒலிக்கவிடாது காத்தார். சிறு சாயல்களே ஆங்காங்கே தோன்றுகின்றன. இறுதிக் காட்சியில் பாண்ட் தன் பெயரைக் கூறியபின்னரே முழு இசையும் எழுகிறது. 1962இல் சூதாட்டக் கூடத்தில் கானரி பெயர் கூறியபோது உடன் எழுந்த இசை, இங்கு ஒரு படம் முழுவதும் உழைத்துப் பெறும் உரிமையாகிறது. கருவியை மாற்றிய பேரியின் நெறியினின்றும் இது வேறானது. ஆர்னால்டு மாற்றியது இசை வரும் இடத்தை.

தாமஸ் நியூமன் இசையமைத்த 'ஸ்கைஃபால்' (2012) படத்தில் பழைய ஆஸ்டன் மார்ட்டின் மகிழுந்து வெளிப்படும்போது மெட்டு ஒலிப்பது நினைவுகூர்தலாகிறது. ஹான்ஸ் சிம்மர் இசையமைத்த 'நோ டைம் டு டை' (2021), 1969ஆம் ஆண்டுப் படத்தின் இசையை எடுத்தாள்கிறது. அப்படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாடலோடு நிறைவுறுகிறது. ஒரே படத்தோடு நின்ற லேசன்பியின் இசை, 52 ஆண்டுகள் கழித்துக் கிரெய்க்கின் முடிவுக்குத் துணையாயிற்று.

ஆக்கியோன் உரிமை

வேறுபாடுகள் பெருகப் பெருக, ஆக்கியவர் யார் என்னும் ஐயமும் பெருகிற்று. பேரியே உண்மையான ஆசிரியர் எனும் பொருள்பட 1997இல் 'த சண்டே டைம்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரையை எதிர்த்து நார்மன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2001இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 30,000 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. பேரி 2011இலும், நார்மன் 2022இலும், விக் ஃப்ளிக் 2024இலும் மறைந்தனர். பேரியின் கைவண்ணம் இன்றி இவ்விசை இத்துணைப் புகழ் எய்தியிராது என்பது உண்மையே. ஆயினும் புகழ்பெற்ற வடிவை அமைத்தவர்க்கே மூலத்தையும் உரிமையாக்குவது, உரையாசிரியரை நூலாசிரியராகக் கொள்வதை ஒக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. நடிகர் மாற்றம் இசை மாற்றத்திற்கு வாய்ப்பளிக்கிறது. பேரி, ஆர்னால்டு ஆகியோரின் படைப்புகள் இதனை மெய்ப்பிக்கின்றன. மாற்றத்தின் வடிவத்தையோ இசையமைப்பாளரும் காலத்தின் கருவிகளும் உறுதி செய்கின்றனர். மூரின் படங்கள் இதற்குச் சான்று. மெட்டின் உரிமை எந்த நடிகரையும் சார்ந்ததன்று; 1983ஆம் ஆண்டு இதனை நிறுவியது.

ஒரு பாடம் பல கைகளில் மாறிப் புகழ்பெறும்போது, அதன் முதல் ஊரும் முதல் குரலும் மறக்கப்படுவது இயல்பு. அவற்றை மீட்டுக் காட்டுவது ஆய்வாளர் கடமை. உலகறிந்த இவ்வுளவாளியின் இசைக்கு அடியில், டிரினிடாட் இந்தியன் ஒருவனுக்காக எழுதப்பட்டு மேடையேறாத பாடல் ஒன்று இருப்பதை அறிந்தபின், அதன் ஒவ்வொரு வேறுபாட்டையும் புதிய செவியோடு கேட்க நேர்கிறது.