முசிக்கரையில் நின்ற பாதை

ஹைதராபாத் மெட்ரோவின் பச்சைப் பாதை, சட்டத்தின் பார்வையில் டிராமாகத்தான் பிறந்தது. அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு 2008-ல் கொண்டுவந்த நகராட்சி டிராம்வே சட்டத்தின் கீழ்தான் நகரத்தின் மூன்று வழித்தடங்களும் முதலில் வந்தன. மத்திய மெட்ரோ சட்டத்துக்குள் அவற்றைச் சேர்த்தது பிறகுதான். டிராம் என்றால் தெருவோடு தெருவாக ஓடுவது. 1895 முதல் 1953 வரை சென்னையில் ஓடியதும் அப்படித்தான். நடைபாதையிலிருந்து இறங்கினால் வண்டி. ஆனால் இந்தப் பாதை ஒரு நாளும் தரையைத் தொடவில்லை. சட்டப் புத்தகத்தில் டிராம், வரைபடத்தில் மேம்பாலம்.

வரைபடத்தில் அதற்கு இரண்டாம் வழித்தடம் என்று பெயர். சிகந்திராபாத்தின் ஜூபிலி பஸ் நிலையத்தில் தொடங்கி, முஷீராபாத், ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ், சிக்கட்பள்ளி, நாராயணகூடா, சுல்தான் பஜார் வழியாக முசி ஆற்றைத் தாண்டி, சார்மினாருக்குப் பக்கமாகப் போய் ஃபலக்னுமாவில் முடிய வேண்டும். மொத்தம் 15 கிலோமீட்டர். நகரத்தின் மூன்று பாதைகளில் இதுதான் மிகக் குட்டையானது. மிகப் பழைய, மிக நெருக்கமான தெருக்களும் இதன் வழியில்தான் வருகின்றன. அதனால்தான் ரயில் எந்த மட்டத்தில் ஓட வேண்டும் என்ற கேள்வி வேறெந்தப் பாதையையும்விட இதை அதிகம் படுத்தியது.

ஒரு நகர ரயிலுக்கு மூன்றே இடங்கள்: தரை, வானம், பாதாளம். தரையில் ஓட்டுவது செலவில் மிகக் குறைவு. ஆனால் வண்டிகள் ஓடும் தெருவில் இரண்டு தடங்களை ரயிலுக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். கனடாவின் இரண்டு பக்கத்து நகரங்கள் இதில் எதிரெதிர் வழியில் போயின. எட்மன்டன் 1978-ல் தன் இலகு ரயிலை நகர மையத்தில் சுரங்கத்துக்குள் இறக்கியது. கால்கரி 1981-ல் ஏழாவது அவென்யூ என்ற கடைத்தெருவிலேயே தண்டவாளம் போட்டு, அங்கே கார்களை ஒதுக்கியது. சுரங்கத்துக்குப் போகாத பணம் கால்கரியில் தண்டவாளமாக நீண்டது. எட்மன்டன் வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. பஸ், ஆட்டோ, தள்ளுவண்டி, ஊர்வலம் எல்லாம் ஒரே அகலத்தில் நெரியும் சுல்தான் பஜாரில் கால்கரியைப் போல் செய்ய இடமில்லை. ஹைதராபாத்தில் தரையில் ஓடும் உள்ளூர் ரயில் 2003-ல் வந்த எம்.எம்.டி.எஸ். அதுவும் ஏற்கெனவே கிடந்த ரயில்வே தண்டவாளத்தில் ஓடுவது. இப்போது விமான நிலையத்திலிருந்து ஃபியூச்சர் சிட்டி என்ற புதுநகரத்துக்குத் திட்டமிட்டிருக்கும் பாதையில் கணிசமான பகுதி, புதிதாகப் போடப்போகும் அகலச் சாலையின் நடுவே தரையோடு போக இருக்கிறது. தெருவே இன்னும் பிறக்காத இடத்தில் அது எளிது.

பாதாளம் ஏன் கைவிடப்பட்டது? முதல் காரணமாக எல்லோரும் பாறையைச் சொல்வார்கள். ஹைதராபாத் தக்காணக் கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது உண்மை. ஜூபிலி ஹில்ஸ் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு பாறை. ஆனால் கடினமான பாறையைக் குடைவது மட்டுமே பெரிய சங்கடம் அல்ல. பாறையும் மண்ணும் கலந்து வரும்போதுதான் குடையும் இயந்திரம் தடுமாறும். பெங்களூரில் மார்கரீட்டா என்று பெயரிட்ட இயந்திரம் அப்படித்தான் பாதி வழியில் முடங்கி வேலையை இழுத்தடித்தது. இருந்தும் பெங்களூர் தன் முதல் கட்டத்தில் 8.8 கிலோமீட்டரைச் சுரங்கத்தில் முடித்தது. சென்னை முதல் கட்டத்தில் பாதிக்கு மேல் பூமிக்கடியில் போனது. ஆகவே பாறையைவிடக் கணக்குத்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கு விசித்திரமானது. 2008-ல் ஏலம் எடுத்த மேட்டாஸ் கூட்டமைப்பு அரசிடம் மானியம் கேட்கவில்லை. தானே அரசுக்கு 30,311 கோடி ரூபாய் தருவதாகச் சொன்னது. ரயிலோடு சேர்த்து 269 ஏக்கர் நிலம் கட்டுமானத்துக்குக் கிடைக்கும் என்பதுதான் அந்தத் தாராளத்தின் அடிப்படை. டெல்லி மெட்ரோவின் தலைவர் ஈ. ஸ்ரீதரன் அந்த ஆண்டே திட்டக்குழுவுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். 2009 ஜனவரியில் சத்யம் மோசடி வெளியானது. மேட்டாஸ், சத்யம் நிறுவனரின் குடும்பத்து நிறுவனம். நிதி திரட்ட முடியாமல் ஒப்பந்தம் அந்த ஜூலையில் ரத்தானது. மறு ஏலத்தில் எல் அண்ட் டி 1,458 கோடி மானியம் கேட்டு வென்று, 2010 செப்டம்பர் 4 அன்று கையெழுத்திட்டது. தனியார் பணத்திலும், வணிக வளாக வாடகையிலும், பயணச்சீட்டிலும் கடனை அடைக்க வேண்டிய ஏற்பாடு இது. கிலோமீட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல் விழுங்கும் சுரங்கத்துக்கு அதில் இடமே இல்லை. மூன்று பாதைகளும் முழுக்க முழுக்கத் தூணில் ஏறின.

ஏறிய விதம் அழகானது, அதை மறுக்கக் கூடாது. உப்பல், குத்புல்லாபூர் வார்ப்புக் களங்களில் பாதை துண்டு துண்டாக வார்க்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் அதற்கு முந்தைய துண்டின் முகத்தோடு ஒட்டியே வார்க்கப்படும். அப்போதுதான் மேலே போனதும் இரண்டின் விளிம்புகளும் பிசகாமல் பொருந்தும். துண்டுக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரே ஓர் இடம். மாற்றிப் போட முடியாது. போக்குவரத்து குறைந்த இரவில் நீண்ட டிரெய்லரில் தெருவுக்கு வரும். இரண்டு தூண்களுக்கு இடையே நிற்கும் லாஞ்சிங் கர்டர் அதைத் தூக்கித் தொங்கவிடும். ஒரு இடைவெளிக்கான துண்டுகள் எல்லாம் வந்து சேர்ந்ததும், அவற்றின் உள்ளே எஃகுக் கம்பிகளை நூல் கோப்பது போல் ஓட்டி, இழுத்து இறுக்குவார்கள். விடிந்ததும் கீழே வண்டிகள் வழக்கம்போல் ஓடும். நிலையங்களும் பெரும்பாலும் சாலை நடுவே உள்ள ஒற்றை வரிசைத் தூண்களின் மேலேயே, இரு பக்கமும் கை நீட்டி நிற்கின்றன. இப்படிச் செய்ததால்தான் பரபரப்பான சாலைகளில் ஆண்டுக்கணக்கில் பள்ளம் தோண்டிப் போடாமல் வேலை நடந்தது. அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் சுரங்க வேலையால் சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் இறங்கியதைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

தூண்கள் நகரத்துக்குள் வேறு விதமாகவும் குடியேறிவிட்டன. பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலம் 2009-ல் தொடங்கிவைத்த வழக்கம் இது: கடையின் முகவரியே பில்லர் நம்பர்தான். பெயர்ப்பலகையில் தெருப் பெயருக்கு முன்னால் தூண் எண் நிற்கும். ஆட்டோக்காரரிடமும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அகலமான சாலைகளில் எல்லாம் இது சரிதான். பாதை சுல்தான் பஜாரை நெருங்கியதும்தான் சிக்கல். நெருக்கியடித்து நிற்கும் கடைகள், மேலே குடியிருப்புகள், நடுவில் தூண் இறக்க வேண்டுமானால் முகப்புகளை உடைத்தாக வேண்டும். வியாபாரிகள் எதிர்த்தார்கள். 2014-ல் தெலங்கானா பிறந்ததும் புதிய முதல்வர் கே. சந்திரசேகர ராவ், சுல்தான் பஜாரிலும் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னாலும் பழைய நகரத்திலும் மெட்ரோ பாதைகளை மாற்ற வேண்டும் என்றார். சில இடங்களில் பாதாளத்தில் போகலாம் என்ற பேச்சும் எழுந்தது. எல் அண்ட் டி அந்த ஆண்டே, திட்டத்தை அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்கிற அளவுக்குக் கடிதம் எழுதியது. இழுபறி பல மாதம் நடந்தது. கடைசியில் சட்டமன்றத்தின் முன்னாலும் சுல்தான் பஜாரிலும் பழைய கோடே ஜெயித்தது. 2020 பிப்ரவரி 7 அன்று பச்சைப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது: ஜூபிலி பஸ் நிலையத்திலிருந்து முசிக்கரையின் மகாத்மா காந்தி பஸ் நிலையம் வரை, 11 கிலோமீட்டர், 9 நிலையங்கள். சுல்தான் பஜாரில் இன்று ரயில் கூரைகளின் உயரத்தில் போகிறது.

ஆற்றைத் தாண்டவில்லை. அங்கே நின்றது.

ஆற்றுக்கு அப்பால் பழைய நகரம். மஜ்லிஸ் கட்சி கரையோரமாகச் சுற்றிப்போகும் மாற்று வழி கேட்டது, அரசு பார்த்தது, பிறகு பழைய கோட்டுக்கே திரும்பியது. தாருல்ஷிஃபா, புரானி ஹவேலி, இதேபார் சௌக், மீர் மோமின் தாயிரா, ஹரிபௌலி, ஷாலிபண்டா, அலியாபாத் என்று அந்தக் கோடு போகும் பெயர்களைச் சொன்னாலே நகரத்தின் நானூறு ஆண்டுகள் நாவில் வரும். வழியில் மசூதிகள், முஹர்ரம் துக்கக் கூடங்களான ஆஷூர்கானாக்கள், கோயில்கள், கல்லறைகள். 2024 மார்ச் 8 அன்று முதல்வர் ரேவந்த் ரெட்டி அடிக்கல் நாட்டினார். பாதை இப்போது ஃபலக்னுமாவையும் தாண்டிச் சந்திராயண்குட்டா வரை, 7.5 கிலோமீட்டர். இங்கும் தூண்தான். அதற்காகச் சாலை 100 அடியாகவும், நிலையம் வரும் இடத்தில் 120 அடியாகவும் அகல வேண்டும். சுமார் 1,100 கட்டடங்கள் பாதிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. சதுர கஜத்துக்கு 81,000 ரூபாய் இழப்பீடு அறிவித்து, 2025 ஜனவரியில் இடிப்பு தொடங்கியது. வழிபாட்டுத் தலங்களைத் தொடாமல் தூண்களை நகர்த்தியும் வளைத்தும் காப்போம் என்று மெட்ரோ நிர்வாகம் உறுதி சொல்லியிருக்கிறது. இதுபற்றிய வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

இந்தத் தெருக்கள் அகலப்படுத்தலைப் பார்க்காதவை அல்ல. 1908 முசி வெள்ளத்துக்குப் பிறகு 1912-ல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியம் இங்கே நெரிசலை இடித்தது. ஆனால் இடித்த இடத்தில் பத்தர்கட்டியின் கல் வளைவுகளைக் கட்டி, வியாபாரியை அவருடைய தெருவிலேயே நிழலில் உட்கார வைத்தது. இப்போது வியாபாரிக்குக் கிடைப்பது காசோலை.

என்னை உறுத்துவது ஒரு சின்ன எண். இந்தப் பழைய நகரப் பாதையும் சேர்ந்த மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்து பாதைகள் மொத்தம் 76.4 கிலோமீட்டர், மதிப்பீடு 24,269 கோடி ரூபாய். இதில் சுரங்கம் 1.6 கிலோமீட்டர் மட்டும். அது எங்கே? ஷம்ஷாபாத் விமான நிலையத்தில். விமானம் பிடிக்கப் போகிறவருக்காகப் பூமியைத் தோண்ட முடியுமென்றால், தாருல்ஷிஃபாவிலிருந்து ஷாலிபண்டா வரை அதே கேள்வியை ஏன் அதே அக்கறையோடு கேட்கவில்லை?

சுரங்கம் நோகாமல் போகும் என்று நான் சொல்லவில்லை. கொல்கத்தாவின் பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் புகுந்து, மேலே இருந்த பழைய வீடுகள் சரிந்தன. பழைய நகரத்தின் சுண்ணாம்புச் சுவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. பாதாள நிலையத்துக்கும் பெரிய குழி வேண்டும். அதற்கும் வீடுகள் போகும். செலவும் ஏறும். சென்னையின் இரண்டாம் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுரங்கம், 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி என்று மதிப்பிட்டார்கள், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 532 கோடி. ஹைதராபாத்தின் மதிப்பீடு கிலோமீட்டருக்குச் சுமார் 318 கோடி. இந்த வித்தியாசத்தை வரி கட்டும் எல்லோரும் சேர்ந்து சுமக்கிறார்கள் சென்னையில். ஹைதராபாத்தில் அதில் ஒரு பங்கை முகப்பு இழந்த கடைக்காரர் மட்டும் சுமக்கிறார், அவர் பெயர் மதிப்பீட்டில் வராது.

தனியார் கணக்கு என்ற பழைய காரணமும் இப்போது இல்லை. இரண்டாம் கட்டத்தை மாநிலமும் மத்திய அரசும் கூட்டாகச் செய்யும் என்பதுதான் திட்டம். 2025 செப்டம்பரில் எல் அண்ட் டி விலகவும், அதன் சுமார் 13,000 கோடி கடனை ஏற்று முதல் கட்டத்தையே எடுத்துக்கொள்ளவும் தெலங்கானா அரசு ஒப்புக்கொண்டது. மகாத்மா காந்தி பஸ் நிலையத்துக்கும் ஷாலிபண்டாவுக்கும் இடையே உள்ள அந்தச் சில கிலோமீட்டருக்கு, தூணில் போனால் என்ன செலவு, யார் வீடு போகும், சுரங்கத்தில் போனால் என்ன செலவு, யார் வீடு போகும் என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, உருதுவிலும் தெலுங்கிலும் அச்சிட்டு, அந்தத் தெருக்காரர்கள் கையில் முதலில் கொடுக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை அதில் செலவாக எழுதப்பட வேண்டும், இழந்த வியாபாரமும்தான்.