சோம்பல் என்று பெயரிடப்பட்ட நோய்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் ஓர் அம்மையார் ஒப்புநோக்குநராக இருந்தார். ஒற்றுப்பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அத்தகையவர் ஈராண்டுக்குள் மாறிப்போனார். குரல் தடித்தது; முகம் ஊதியது; கொழும்பின் வெக்கையிலும் சால்வை போர்த்தியபடி மேசையிலேயே கண்ணயர்ந்தார். 'சோம்பல்' என்று நிருவாகம் தீர்ப்பெழுதியது. வேலை போயிற்று. வாய்திறவாது இருந்தவர்களுள் நானும் ஒருவன். தைரொயிட் சுரப்பி செயலிழந்ததே காரணம் என்பதைப் பின்னர் ஓர் இரத்தப் பரிசோதனை காட்டியது. அந்த உறுத்தலே இச்சுரப்பியின் வரலாற்றை என்னைத் தேடிப் படிக்கவைத்தது.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தியோடர் கோகர் என்னும் அறுவை மருத்துவர், கழுத்துக் கழலைக்காகத் தைரொயிட்டை முழுமையாக அகற்றிவந்தார். பின்னாளில் அந்நோயாளரை மீளழைத்துப் பார்த்தபோது அவர் திகைத்தார். பரிசோதிக்கப்பட்ட 18 பேரில் 16 பேர் உடலும் அறிவும் மந்தமுற்றிருந்தனர். தம் சிகிச்சையால் விளைந்த அக்கேட்டை அவர் மறைக்கவில்லை. 1883இல் வெளிப்படையாக அறிவித்தார். 1909இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

இதே மந்தநிலை, அறுவை செய்யாத பெண்களிடமும் தோன்றுவதை 1873இல் இலண்டனில் வில்லியம் கல் விவரித்திருந்தார். இரண்டுக்கும் காரணம் தைரொயிட்டின் இழப்பே என 1888இல் இலண்டன் மருத்துவக் குழுவொன்று முடிவுசெய்தது. 1891இல் நியூகாசில் நகரின் ஜோர்ஜ் மறே, ஆட்டின் தைரொயிட் சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசியால் ஏற்றினார். அப்பெண் 1919வரை வாழ்ந்தார். அதற்கு 870இற்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. இன்று அப்பணியைச் செய்வது தைரொக்சின் என்னும் சிறு மாத்திரை.

அக்கால மருத்துவர்கள் கண்ணாலும் கையாலும் அறிந்ததை, 1960களில் உருவான நுண் பரிசோதனைகள் இரத்தத்தில் அளக்க வழிசெய்தன. அவற்றுள் முதன்மையானது ரி.எஸ்.எச். இதை வாசிப்பதில் பலர் தடுமாறுகின்றனர். ரி.எஸ்.எச். என்பது தைரொயிட் சுரப்பது அன்று. அதனை வேலைசெய்யுமாறு ஏவுவதற்குக் கபச்சுரப்பி அனுப்பும் கட்டளை. தைரொயிட் தளரும்போது கட்டளை உரக்கின்றது. ஆகவே ரி.எஸ்.எச். உயர்ந்திருப்பின், பெரும்பாலும் தைரொயிட் குறைவாகச் சுரக்கின்றது என்பதே பொருள். தலைமுடிக்கென உண்ணும் பயோட்டின் மாத்திரைகள் சில பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்யக்கூடும். அவற்றை உண்பதை வைத்தியரிடம் முன்னரே சொல்லவேண்டும்.

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் கழலை நெடுங்காலம் பரவலாக இருந்தது. 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டப்படி கட்டாயமாயிற்று. ஆயினும் 'அயடீன் உப்பு உண்கிறோம், நமக்கு வராது' என்று எண்ணுதல் தவறு. 1912இல் ஜப்பானியரான ஹஷிமோட்டோ விவரித்த நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குகின்றது. உப்பு அதனைத் தடுக்காது. கழுத்து வீங்காமலும் அது வரக்கூடும்.

எனவே, உங்கள் வீட்டில் சுறுசுறுப்பான ஒருவர் காரணமின்றி மந்தமுற்றால், குளிர் தாங்காதிருந்தால், உடல் பருத்தால், தீர்ப்பெழுதுமுன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் அந்த அம்மையார் பழைய நிலைக்கு மீண்டார். ஒருநாள் வீதியில் கண்டபோது, எங்கள் பத்திரிகையின் அன்றைய தலைப்பில் இருந்த ஒற்றுப்பிழையைச் சிரித்தபடி சுட்டிக்காட்டினார். அவருக்கு வேலை மட்டும் மீளவில்லை.