துவைக்கும் யந்திரமும் எழுத்தழிந்த திருகுகளும்

ஆடை என ஒன்றை மனிதன் உடுக்கத் தொடங்கிய நாள்தொட்டு அதன் அழுக்கை நீக்கும் வேலையும் இருந்து வருகிறது. அவ்வேலையைத் தன் கையால் செய்ய மனமில்லாதவன், அதனைப் பிறர் தலையில் ஏற்றுதற்குப் பல வழிகள் கண்டான். நம் தமிழ்நாட்டில் அதற்கெனவே ஒரு சாதியை வகுத்து, அறுவடைக் களத்தில் சில படி தானியத்தை அளந்து போட்டு, ஊரழுக்கு முழுவதையும் அவர்கள் முதுகில் சுமத்தினோம். அவ்வளவில் நின்றோமா? ஊரார் தீண்ட மறுத்த மக்களின் துணியை வெளுப்பதற்குப் புதிரை வண்ணார் என மற்றொரு கூட்டத்தாரை அவர்க்கும் கீழே வைத்தோம். துணி வெளுத்தது, வெளுத்தவர் நிலை வெளுக்கவில்லை.

கடல் கடந்து வந்த பின்னும் இத்தொழில் தன் அடையாளத்தை விட்டுச் சென்றுள்ளது. சிங்கப்பூரில் டோபி காட் என்னும் இடம் ஓடைக்கரையில் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளரால் பெயர் பெற்றது. பினாங்கிலும் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் அதே பெயருடைய பகுதி உண்டு. நம்மவர் அதனை வண்ணான் துறை என்பர். நகரத்தில் துரைமாரின் வெள்ளைச் சட்டைக்கு டோபி வேண்டியிருந்தது. தோட்டத்திலோ கதை வேறு.

மலாக்காவின் தோட்டக் கதை 1896-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. டான் சே யான் என்னும் சீனப் பெருமகன் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய நாற்பது ஏக்கரில் இரப்பர் மரங்களை நட்டார். மலாயாவில் வாணிகத்தின் பொருட்டு எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து புக்கிட் அசகான் எழுந்தது. லயங்கள் எழுந்தன, லயத்துக் குழாயடியும் எழுந்தது. அங்கே அவரவர் துணியை அவரவர் துவைத்தனர். சாதி நீங்கியதென மகிழ்வதற்குள், 'அவரவர்' என்பது யார் எனக் கேட்டுப் பார்க்கவேண்டும். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, பால் சேர்த்து, சுமந்து, நிறுத்துவிட்டு வீடு திரும்பிய பெண்ணே அது. அவளோடு அதே வேலையைச் செய்து திரும்பிய ஆண்மகன் திண்ணையில் கால் நீட்டியிருந்தான்.

பால்வெட்டுத் துணியைத் துவைத்தவர்க்கே அதன் கொடுமை தெரியும். இரப்பர்ப் பால் ஈரமாயிருக்கும்போது நீரில் போகும். உறைந்து காய்ந்த பின் எச்சவுக்காரத்துக்கும் அசையாது. கல்லில் அடித்தால் துணி கிழியுமேயன்றிக் கறை கிழியாது.

நிற்க. மேனாட்டாரும் இவ்வேலையில் பெண்களையே வாட்டினர். ஆயினும் சிலர் கைக்குப் பதிலாக யந்திரத்தை வைக்க எண்ணினர். ஜெர்மானிய நாட்டுச் சமயகுரு ஷேஃபர் 1760-களில் மரத்தொட்டிக்குள் துணியைச் சுழற்றும் கருவியின் படத்தை வெளியிட்டார். 1851-இல் அமெரிக்கர் ஜேம்ஸ் கிங் உருளைத் தொட்டிக்கு உரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் சேர்ந்தது. இவற்றிலெல்லாம் திருகு என்பது இல்லை. பக்கத்தில் நின்று நேரம் பார்த்தவளே திருகாயிருந்தாள்.

1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் என்னும் யந்திரம் வெளிவந்தபோதுதான் அந்நிலை மாறிற்று. நீர் நிரப்பல், துவைத்தல், அலசல், பிழிதல் ஆகிய அனைத்தையும் அது தானே முறையாகச் செய்தது. (பிழியும்போது ஆடியதால் அதனைத் தரையோடு திருகாணி கொண்டு முடுக்கவேண்டியிருந்தது என்பது வேறு செய்தி.) இவ்வகை யந்திரத்தின் மூளை, முகப்பிலுள்ள பெரிய திருகின் பின்னே மறைந்திருக்கும் பல்லுருளையாகும். சிறு மின்னோடி ஒன்று அவ்வுருளையை மெல்லச் சுழற்றும். அதன் மேடும் பள்ளமும் ஒவ்வொரு விசையாக அழுத்தும். ஒரு மேடு நீர்க்குழாயைத் திறக்கும், மற்றொன்று துணியைச் சுழற்றும், பிறிதொன்று நீரை வடிக்கும். இசைத்தட்டில் பாட்டு பதிந்திருப்பதுபோல அவ்வுருளையில் சலவை பதிந்துள்ளது எனலாம். ஆதலின் அத்திருகை வலப்புறமாகவே சுழற்றவேண்டும். இடப்புறம் வலிந்து திருகினால் உள்ளிருக்கும் பல் முறியும். பல யந்திரங்களில் உள்ளே அழுத்தினால் நிற்கும், வெளியே இழுத்தால் ஓடும். இதனை அறியாமல் பழுதென ஒதுக்கப்பட்ட யந்திரங்கள் பல.

நம் நாட்டு எளியோர் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது அவ்வகையன்று; இரட்டைத் தொட்டி யந்திரமே. 1948-இல் சீமையில் ஹூவர் நிறுவனம் சிறு விசிறி சுழன்று நீரைக் கலக்கும் யந்திரத்தைச் செய்தது. அம்முறையைப் பின்பற்றி 1953-இல் ஜப்பானின் சான்யோ மலிவு விலையில் ஒன்றை விற்றது. பின்னர்த் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என இரு தொட்டிகள் சேர்ந்தன. 1965-இல் மத்சுஷித்தா நிறுவனம் மலேசியாவில் கால் ஊன்றியது. அதன் 'நேஷனல்' என்னும் பெயரை அறியாத குடும்பம் அந்நாளில் அரிது.

ஆயினும் தோட்டத்தில் யந்திரம் வைக்க மின்சாரம் வேண்டுமே! பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரமே விளக்கெரிந்தது. தொழிலாளர் வீட்டுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் தருதல் முதலாளியின் கடமையென 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்த வேண்டியிருந்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாகி, நம்மவர் பலர் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் பெயரத் தொடங்கியிருந்தனர். அவ்வாறு பெயர்ந்தவர் வீட்டில் புகுந்தது பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய பழைய யந்திரம். அதனுடன் விளக்கப் புத்தகம் வராது. பல ஆண்டுகள் ஈரக்கை பட்டுத் திருகைச் சுற்றியிருந்த எழுத்தும் அழிந்திருக்கும்.

எங்கள் வீட்டிற்கும் அவ்வாறே ஒன்று வந்தது. மூன்று திருகுகள், அவற்றின் மேல் பாதி அழிந்த ஜப்பானிய எழுத்துகள். கடைக்காரர் "திருகினால் ஓடும்" என்று சொன்னதோடு தம் கடமையை முடித்துக்கொண்டார். வீட்டில் படித்தவர் நால்வர் இருந்தும் ஒருவருக்கும் பொருள் விளங்கவில்லை. விளக்கியவர் அடுத்த வீட்டுச் சீன மூதாட்டியார். ஜப்பானியர் சீன எழுத்துகளையே கையாளுவதால் அவரால் எளிதிற் படிக்க முடிந்தது. "இது கழுவு, இது தண்ணீரை வெளியே விடு, இது தண்ணீரை எடு" என மலாய் மொழியில் கூறினார். பாசோ, புவாங், பெரா என்னும் மூன்று சொற்களில் வேலை முடிந்தது.

அன்று கற்றவற்றை ஈண்டு குறிப்பது பிறர்க்கு உதவும். இரட்டைத் தொட்டியின் துவைக்கும் திருகு கைக்கடிகாரம்போல் வில்லால் ஓடுவது; மின்சாரம் இல்லாதபோதும் டிக் டிக் என்று ஒலிக்கும். ஆகவே ஒலி கேட்பதால் மின்சாரம் வருகிறதென முடிவு செய்தல் தவறு. நடுத்திருகு ஒரு கயிற்றை இழுத்து அடைப்பைத் தூக்கும். அது வடிக்கும் பக்கம் இருக்கையில் எத்தனை வாளி ஊற்றினும் தொட்டி நிரம்பாது. பிழியும் தொட்டி மூடி திறந்திருந்தால் சுழலாது; கை சிக்காதிருக்கச் செய்த காவல் அது. அதனைக் கட்டி வைத்து ஏமாற்றும் வீரர்களும் நம்மிடையே உளர். அவர்களுடைய விரல்களை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஜப்பானில் உள்நாட்டிற்கெனச் செய்த யந்திரமாயின் மற்றோர் ஆபத்தும் உண்டு. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். இங்கே 230 முதல் 240 வரை. மாற்றி இல்லாமல் செருகினால் புகைதான் மிஞ்சும். மேலும் அந்நாட்டின் மேற்குப் பகுதி மின்சாரம் வினாடிக்கு 60 முறை அலைவது, நம்முடையது 50. அங்கே 12 நிமிடம் ஓட அமைத்த மின்னோடித் திருகு இங்கே 14 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இதுவும் பழுதன்று.

1991-இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மலாக்கா முழுவதும் தண்ணீருக்கு வாடியதைப் பலர் மறந்திரார். தானே இயங்கும் யந்திரம், தொட்டியில் நீர் குறித்த மட்டத்தை எட்டும்வரை அடுத்த வேலைக்கு நகராது. குழாய் சொட்டும்போது அது மணிக்கணக்கில் மௌனமாய் நிற்கும். இரட்டைத் தொட்டியோ வாளியில் ஊற்றிய நீரையும் ஏற்கும். முதலில் வெள்ளைத் துணி, அதே சவுக்கார நீரில் பள்ளிச் சீருடை, கடைசியில் வேலைத் துணி என ஒரு தொட்டி நீரில் மூன்று முறை துவைக்கலாம். இம்முறையை எந்த விளக்கப் புத்தகத்திலிருந்தும் நம் பெண்கள் கற்கவில்லை. குழாயடிக் கல்லில் கற்றதையே யந்திரத்துக்குக் கற்பித்தனர்.

எங்கள் யந்திரத்தின் மேல் என் தாயார் நகச்சாயத்தால் 'து', 'வ', 'பி' என மூன்று எழுத்துகளை எழுதி வைத்தார். துவை, வடி, பிழி. அதன் பின்னர், "எங்களுக்கு இந்தத் திருகெல்லாம் தெரியாது" என்று கூறி நழுவ வீட்டு ஆண்களுக்கு வழியில்லாது போயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் துணி என் தந்தையார் பொறுப்பாயிற்று.