விசுவாசத்துக்கு முன்னே போகும் வழிபாடு: திருச்சபை ஆண்டு யாருக்காக?

தமிழ்நாட்டுச் சுவிசேஷக் கூட்டங்களில் புதிதாக வருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, “எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்?” என்பது. நாளும் இடமும் சொல்லத் தெரிந்தவருக்கு அது சாட்சி சொல்லும் வாய்ப்பு. சிறுவயதில் ஞாயிறு பள்ளிக்குப் போய், திடப்படுத்தலும் பெற்று, பிறகு படிப்பு, வேலை, வீட்டில் ஒரு சாவு என்று எங்கோ ஓரிடத்தில் விசுவாசம் கைநழுவிப் போனவருக்கு அந்தக் கேள்வியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் கோயிலில் போய் நிற்பது வேஷம் என்று அவரே தீர்மானித்து விலகிவிடுகிறார். அவருடைய நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் விசுவாசம் முதலில் வரவேண்டும், வழிபாடு அதன் பின்னால் வரும் என்ற அனுமானம் அந்த நேர்மைக்கு அடியில் இருக்கிறது. திருச்சபை ஆண்டு உருவான வரலாறு இந்த வரிசையை ஆதரிக்கவில்லை. பாஸ்கா விழா மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே அதன் தேதியைப் பற்றிச் சபைகள் வாதிட்டன. அந்த விழாவைச் சுற்றித் தவக்காலமும் பரிசுத்த வாரமும் எழுந்த விதத்தைப் பார்த்தால், இன்னும் உள்ளே வராதவர்களையும் வெளியே போய்விட்டவர்களையும் கைப்பிடித்து அழைத்துவர வகுத்த பாதையாகவே அவை தெரிகின்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதற்சான்று எகேரியா. ஏறத்தாழ 381க்கும் 384க்கும் இடையில் மேற்கிலிருந்து எருசலேமுக்குப் பயணம் போன இந்தப் பெண், ஊரிலிருந்த தன் சகோதரிகளுக்கு எழுதிய குறிப்புகளின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் ஒரு கையெழுத்துப் பிரதியில் கிடைத்தது. அவர் காட்டும் எருசலேமில், திருமுழுக்குப் பெற விரும்புகிறவர்கள் தவக்காலம் தொடங்குமுன் பெயர் கொடுக்கிறார்கள். ஆயர் அவர்களுடைய அக்கம்பக்கத்தாரை விசாரிக்கிறார்: இவர் நல்லவரா, பெற்றோரை மதிக்கிறவரா, குடிகாரர் இல்லையே? பிறகு நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் போதனை. ஆதியாகமத்தில் தொடங்கி வேதம் முழுவதையும் ஆயர் விளக்குகிறார். ஐந்து வாரம் கழிந்தபின்தான் விசுவாச அறிக்கையைக் கற்றுக்கொடுக்கிறார். திருமுழுக்குப் பெற்றுப் பல ஆண்டுகளானவர்களும் இந்தத் தொடக்கப் பாடத்தைக் கேட்க வந்து உட்காருகிறார்கள். கோயிலில் ஆயர் வழக்கமாகப் பிரசங்கிக்கும்போது எழுவதைவிட இங்கே அவர்கள் எழுப்பும் குரல் பெரிது என்கிறார் எகேரியா. புதியவர்களுக்கான ஆயத்தம் பழையவர்களுடைய புதுப்பித்தலாகவும் ஆவதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்துச் சொன்ன சான்றுகளில் இதுவும் ஒன்று.

பெரிய வெள்ளியைப் பற்றி அவர் எழுதுவதை இன்னும் நெருங்கிப் பார்க்கவேண்டும். வெள்ளிப் பேழையிலிருந்து சிலுவை மரத்தை எடுத்து மேசையில் வைக்கிறார்கள். ஆயர் உட்கார்ந்தபடி அதன் இரு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொள்ள, சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல் நிற்கிறார்கள். முன்பொருமுறை யாரோ முத்தமிடும் சாக்கில் மரத்தைக் கடித்து ஒரு துண்டைக் கொண்டுபோய்விட்டாராம்! மக்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, முதலில் நெற்றியால், பிறகு கண்களால் மரத்தைத் தொட்டு, முத்தமிட்டு நகர்கிறார்கள். கையால் தொடுவார் இல்லை. புனிதப் பொருளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் ஊர் வழக்கத்தை அறிந்தவருக்கு இந்தக் காட்சி உடனே புரியும். அன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை பாடுகளின் வாசகங்கள் தொடர்கின்றன. அழாதவர் பெரியவரிலும் இல்லை, சிறியவரிலும் இல்லை என்கிறார். இன்று பெரிய வெள்ளி நண்பகலில் தமிழ்ச் சபைகளில் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனை, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லீமா நகரில் இயேசு சபையார் வழியாக உருவானது. வழி வேறு என்றாலும் நேரமும் நோக்கமும் ஒன்றுதான்.

விளக்கம் எப்போது தரப்பட்டது என்பது இந்த வாதத்தில் முக்கியமானது. எருசலேமின் சிரிலும் மிலானின் அம்புரோசும், திருமுழுக்கின் பொருளையும் நற்கருணையின் பொருளையும் அவற்றைப் பெறுவதற்கு முன் விளக்கவில்லை. உயிர்ப்பு விழாவுக்கு அடுத்த வாரத்தில், அனுபவித்து முடித்தவர்களிடம்தான் பேசினார்கள். எதிர்பாராதவர் உள்ளத்தில் மறைபொருள்களின் ஒளி இன்னும் நன்றாகப் பாயும் என்பது அம்புரோசின் எண்ணம். 387ஆம் ஆண்டுப் பாஸ்கா இரவில் அவர் கையால் திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீன், மிலான் கோயிலில் சபை பாடிய பாடல்களைக் கேட்டுத் தான் அழுததைப் பிற்காலத்தில் எழுதினார். அவற்றின் வழியே உண்மை தன் உள்ளத்தில் வடிந்தது என்கிறார். பிளாட்டோவின் வழியினரைப் படித்துத் தெளிந்த அந்த அறிவாளிக்கும் காது வழியாக வரவேண்டிய பங்கு ஒன்று மீதமிருந்தது.

வெளியே போனவர்களுக்கும் ஆண்டில் இடம் இருந்தது. கடும் பாவத்தில் விழுந்து ஒறுத்தல் செய்தவர்களைப் பாஸ்காவுக்கு முந்தைய வியாழனன்று மீண்டும் சேர்த்துக்கொள்ளும் உரோமை வழக்கத்தை திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் 416இல் குப்பியோ ஆயருக்கு எழுதிய கடிதம் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் குழந்தைத் திருமுழுக்கே பொது வழக்கமானதும் இந்தப் பாதை தூர்ந்துபோனது. பாஸ்கா திருவிழிப்பே சனிக்கிழமை காலையில் ஆளில்லாத கோயிலில் குருக்கள் முடித்துவிடும் சடங்காகத் தேய்ந்திருந்தது. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவர அனுமதித்தபோது, கூடியிருப்போர் தம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் பகுதியையும் சேர்த்தார்கள். தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, மனமாற்றம் என இரட்டைத் தன்மை உண்டு என்பதை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உறுதிசெய்தது. சீர்திருத்தத் திருச்சபைகளும் இந்தப் புதுப்பித்தலின் தேவையை வேறு வழியில் உணர்ந்திருந்தன. ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் நடத்திய உடன்படிக்கை ஆராதனையின் வழிவந்தது, புத்தாண்டுத் தொடக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் பல சபைகளில் இன்றும் நடக்கிறது.

வாதத்தின் இறையியல் மையத்தை 5ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் புரோஸ்பரிடம் காண்கிறேன். மன்றாட்டின் முறையே விசுவாசத்தின் முறையை நிலைநாட்டுகிறது என்ற அவருடைய கருத்து இன்று வழிபாட்டியல் நூல்களில் தனி முழக்கமாகவே எடுத்தாளப்படுகிறது. அவர் அதைச் சொன்ன சூழலை மறக்கக்கூடாது. விசுவாசத்தின் முதல் அசைவு மனிதனுடைய சொந்த முயற்சியா, கடவுளின் அருளா என்பதுதான் அன்றைய சர்ச்சை. புரோஸ்பர் காட்டிய சான்று வழிபாடு: விசுவசியாதவர்களுக்கு விசுவாசம் அருளப்படவும், வீழ்ந்தவர்களுக்கு மனமாற்றம் கிடைக்கவும், ஆயத்தமாகிறவர்கள் திருமுழுக்குக்கு வந்துசேரவும் திருச்சபை எங்கும் மன்றாடுகிறதே, அவை அருளால் வருபவை இல்லையென்றால் ஏன் கடவுளிடம் கேட்கவேண்டும்? இந்த மன்றாட்டு வரிசை பெரிய வெள்ளியின் பொது மன்றாட்டாக இன்னும் வாழ்கிறது. ஆக, விசுவாசம் இல்லாமல் கடைசி வரிசையில் நிற்பவர் அந்த வழிபாட்டுக்குள் தவறி நுழைந்தவர் ஆகமாட்டார். அதில் அவருக்கென்றே ஒரு மன்றாட்டு உண்டு. அவரால் இன்னும் கேட்கமுடியாததை அவர் சார்பில் மற்றவர்கள் கேட்கிறார்கள்.

உடலுக்குப் பாடம் சொல்வதில் திருச்சபை ஆண்டுக்குள்ள பொறுமைக்கு நம் பங்குகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குருத்தோலை ஞாயிறன்று ஓசன்னா பாடிப் பவனி வந்த ஓலையை வீட்டுக்குக் கொண்டுபோய், சிலுவையாக மடித்து, சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். ஆண்டு முழுவதும் அது பச்சை போய்ப் பழுப்பேறி அங்கேயே இருக்கும். அடுத்த தவக்காலம் நெருங்கும்போது கோயிலில் அவற்றைத் திரும்பக் கேட்பார்கள். எரித்துச் சலித்த அந்தச் சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் ஏறுகிறது. ஜெபிக்க மறந்த வீட்டிலும் ஓலை அதன் இடத்தில் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போகிறவர் விசுவாசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. ஓலையை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

இதற்கு மறுப்பு வலுவானது, பழையது. நாள்களையும் மாதங்களையும் அனுசரிப்பதைப் பவுல் கலாத்தியரிடம் கண்டித்தார். 1522 தவக்காலத்தில் சூரிச்சில் அச்சகக்காரர் பிரோஷவர் வீட்டில் விரதத்தை மீறி இறைச்சி உண்டவர்களுக்கு ஆதரவாகச் சுவிங்லி பேசினார். 1560இல் ஸ்காட்லாந்துச் சீர்திருத்தவாதிகள் கிறிஸ்து பிறப்பு உள்ளிட்ட திருநாள்களையே நீக்கச் சொன்னார்கள். நம் நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் லெந்து காலத்தை ஏற்பதில்லை. இவர்கள் அஞ்சியது வெற்றுச் சடங்கை. அந்த அச்சத்துக்கு இன்றும் காரணம் உண்டு. சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் சாதி குறுக்கே நிற்கும் ஊர்களில், உங்கள் பண்டிகைகளை என் ஆத்துமா வெறுக்கிறது என்ற பொருளில் ஏசாயா முதல் அதிகாரம் சொல்வது அப்படியே பொருந்தும். அங்கே திருவிழா யாரையும் உள்ளே அழைப்பதில்லை, வெளியே நிறுத்துகிறது. ஆனால் தீர்க்கதரிசியின் சினம் இரத்தக்கறை படிந்த கைகளோடு பண்டிகை கொண்டாடியவர்கள்மேல் பாய்ந்தது. வெறுங்கையோடு வந்தவர்கள்மேல் பாயவில்லை. பவுலும் நாள்களை மீட்புக்கு நிபந்தனையாக்கியவர்களைத்தான் எதிர்த்தார். திருச்சபை ஆண்டை வரி கட்டுவதுபோல் அனுசரித்தால் அவர் கண்டனம் நமக்கும் உரியது. வழியாக நடந்தால் உரியதாகாது.

உள்ளத்தில் நம்பினால் போதாதா, கோயில் எதற்கு என்பவருக்கு அகுஸ்தீன் தன் ‘அறிக்கைகள்’ (Confessions) எட்டாம் நூலில் சொல்லும் விக்டோரினுஸ் கதையைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. உரோமையின் புகழ்பெற்ற பேச்சுக்கலை ஆசிரியரான அவர், தான் ஏற்கெனவே கிறிஸ்தவன் என்று தன் கிறிஸ்தவ நண்பர் சிம்ப்ளிசியானிடம் தனிமையில் சொல்லிவந்தார். கோயிலில் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் சிம்ப்ளிசியான். சுவர்களா கிறிஸ்தவனை ஆக்குகின்றன என்று கேலியாகக் கேட்டார் விக்டோரினுஸ். கடைசியில் அவரே வந்தார். தனியறையில் விசுவாச அறிக்கை சொல்லலாம் என்று சலுகை தரப்பட்டும், கூட்டத்தின் முன் மேடையேறிச் சொல்வதையே தேர்ந்தார். அவர் பெயரை மக்கள் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டார்கள். தனிமையில் அவருக்குக் கிடைக்காத ஒன்று, தன் விசுவாசத்தை மற்றவர்கள் காதால் கேட்பது, அன்று கிடைத்தது.

இந்த வாதம் சரியென்றால் நம் வழக்கங்கள் இரண்டு மாறவேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை, கிறிஸ்துமசுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் வருகிறவர்களை அந்த நாள்களிலேயே பிரசங்க மேடையிலிருந்து குத்திப் பேசுவதை நிறுத்தவேண்டும். அந்த நாள்கள் முதலில் அவர்களுக்கு உரியவை. இன்னொன்று பாஸ்கா திருவிழிப்பு பற்றியது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. தேவைப்பட்டால் மூன்றாகக் குறைக்கலாம் என்று விதி இடம் தருகிறது. நேரமாகிவிடும் என்று பல பங்குகள் அப்படியே செய்கின்றன. படைப்பில் தொடங்கிச் செங்கடலைக் கடந்து இறைவாக்கினர் வரை வரும் அந்த வரிசை, எருசலேம் ஆயர் நாற்பது நாள் சொன்ன கதையின் ஓரிரவுச் சுருக்கம். வாராவாரம் வருகிறவருக்கு அது தெரிந்த கதை, குறைத்தாலும் நட்டமில்லை. பல ஆண்டு கழித்து அன்றிரவு வந்து கதவோரம் மெழுகுதிரியோடு நிற்பவருக்கு அது முழுதாகக் கேட்கக் கிடைக்கும் ஒரே இரவு. ஏழையும் வாசிக்கவேண்டும்.