வாரியத்தில் உட்காருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் துண்டும் எண்ணெய்யுமாக வருவார்கள். போன மாதம் என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒரு ஃபைலோடு வந்தார். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அவரும் சுற்றுவட்டார விவசாயிகளும் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். இயக்குநர்கள் பத்துப் பேர். பத்துப் பேரும் எலுமிச்சைக்காரர்கள். கடன் கேட்டுப் போன இடத்தில் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க போர்டுல அனுபவம் உள்ளவங்க யாருமே இல்லையே" என்றார்களாம்.

ஐந்தருவி போகிற வழியில் டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "முப்பது வருசமா எலுமிச்சையோட கிடக்கோம் அண்ணாச்சி. அது அனுபவம் இல்லையாம். வெளிய இருந்து ஒரு ஆளைச் சேக்கணுமாம். யாரைச் சேக்க? நீங்கதான் பழைய கல்வெட்டெல்லாம் படிக்கீங்கள்லா, சொல்லுங்க."

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்புகளைப் புரட்டினேன். ஒரு பொது அமைப்பை நடத்த உட்காருபவருக்கு என்ன அனுபவம் வேண்டும் என்ற கேள்வியை நம்ம ஆட்கள் ஆயிரத்து இருநூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சங்கரன்கோவில் சாலையிலேயே அதற்கு ஒரு கல் சாட்சி இருக்கிறது.

முதலில் ஒரு சொல். மின்சார வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று இன்று சொல்கிறோமே, அந்த 'வாரியம்' கல்வெட்டுச் சொல். ஊர்ச்சபை தன் வேலைகளைப் பிரித்துக் கொடுத்த சிறு குழுக்களுக்கு அந்தப் பெயர். ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்தைப் பார்க்கத் தோட்ட வாரியம். ஆக 'போர்டு' நமக்கு வெள்ளைக்காரன் கொடுத்தது அல்ல.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் மானூர் இருக்கிறது. அங்குள்ள அம்பலவாணர் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் சுமார் கி.பி. 800. ஊர்ச்சபையில் யார் அமரலாம் என்று சபையே கூடி வகுத்த விதிகள் அதில் இருக்கின்றன. ஊரில் நிலப்பங்கு வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். நல்லொழுக்கம் வேண்டும். முழுப் பங்கு இல்லாதவர் எந்த வாரியத்திலும் இருக்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி விதி. சபையில் எதை எடுத்தாலும் 'கூடாது, கூடாது' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்குத் துணைபோகிறவருக்கும் ஐந்து காசு அபராதம். கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழுக் கூட்டம் ஒன்றையாவது பார்த்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பட்டிருப்பார்கள் என்பது புரியும்.

அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து உத்தரமேரூர். முதற்பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். குடத்தில் ஓலை போட்டு எடுத்தது நினைவிருக்கும். ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்ற பட்டியல்தான் நமக்கு இங்கே முக்கியம். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் படிப்பு. படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். அதோடு காரியத்தில் திறமை வேண்டும். நேர்வழியில் வந்த பொருளாக இருக்க வேண்டும்.

இதுவரை தகுதிகள். இனி வருபவை தடைகள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது. சிற்றன்னை பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மைத்துனன், மருமகன் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி அடைக்கிறது கல்வெட்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மானூர், உள்ளே வருபவர் யார் என்று கேட்கிறது. உத்தரமேரூர் அதையும் கேட்டுவிட்டு, வெளியே போனவர் எப்படிப் போனார் என்றும் கேட்கிறது. மூன்றாண்டு இடைவெளி விதியும் யோசிக்க வேண்டியது. ஒரே ஆள் இருபது வருஷம் உட்கார்ந்து அனுபவசாலி ஆவதை அவர்கள் விரும்பவில்லை. அனுபவம் ஊருக்குள் பரவ வேண்டும் என்று நினைத்தார்கள் போலும்.

ஆனால் இந்தச் சபைகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. இவை பிராமணக் குடியிருப்புகளின் சபைகள். உழுதவனுக்கோ பெண்ணுக்கோ அங்கே இடமில்லை. யாருடைய அறிவு 'அறிவு' என்று எண்ணப்படும் என்பதை ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவர்களே முடிவு செய்தார்கள். என் நண்பருக்குக் கிடைத்த பதிலிலும் இதன் வாடை இருக்கிறது.

நவீனக் கூட்டுறவு வேறு திசையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844 டிசம்பரில் கடை திறந்த 28 பேரில் பலர் நெசவாளர்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்று நாலைந்து சாமான்தான் சரக்கு. வியாபார அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அவர்களிடம் இன்னொன்று இருந்தது. அதே ஊரில் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டுறவுக் கடை திறந்து, கடன் கொடுத்தே மூழ்கியது. அந்தப் பாடத்தை இவர்கள் மறக்கவில்லை. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும் என்று விதி போட்டார்கள். தோற்ற அனுபவமும் முதலீடுதான்.

ஜெர்மனியில் ரைஃபைசன் ஊர்த்தலைவராக இருந்தவர். முதலில் வசதியானவர்களைத் திரட்டி ஏழைகளுக்கு உதவப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. 1864-ல் ஹெட்டெஸ்டார்ஃபில் தொடங்கிய சங்கத்தில் கடன் வாங்குகிறவர்களே உறுப்பினர்கள். எல்லை சிறியது, ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டும் உண்டு. யார் கடனைத் திருப்புவான், யார் சீட்டாடுவான் என்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். அந்த அறிவுதான் அங்கே பிணை.

சென்னை மாகாணத்தில் இதையெல்லாம் ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை எழுதியவர் ஃபிரெடரிக் நிக்கல்சன். ரைஃபைசன் மாதிரி ஒரு மனிதரைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1904-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவானது. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் 1904-ல் தொடங்கியதுதான். தொடங்கியவர்களில் ஒருவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, அப்போது பள்ளித் தலைமையாசிரியர். அரிசி பருப்பு வியாபாரம் வாத்தியாருக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். மாதக் கடைசியில் மளிகைக் கடன் எப்படி நெரிக்கும் என்பது சம்பளக்காரருக்குத் தெரியாதா? மற்றதை நடத்தி நடத்திக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது தென்காசிக்குத் திரும்புவோம். எலுமிச்சை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற தொழில் பீடி சுத்துவது. திண்ணையில் சுளகை மடியில் வைத்து இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஒவ்வொருவரிடமும் பல வருஷ அனுபவம் இருக்கிறது. எந்த நிர்வாகக் குழுவிலாவது அது அனுபவமாக எண்ணப்பட்டிருக்கிறதா?

எண்ணப்பட்ட இடம் ஒன்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வடக்கே கண்ணூரில் இருக்கிறது. பீடித் தொழிலாளர்களைக் காக்க 1966-ல் மத்தியச் சட்டம் வந்தது. அதை அமல்படுத்தும் நேரத்தில் முதலாளிகள் பட்டறைகளை மூட, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. பங்கு 20 ரூபாய். தொழிலாளி கையிலிருந்து ஒரு ரூபாய், மீதி அரசுக் கடன். நேற்று வரை பீடி சுற்றியவர்கள் இயக்குநர் ஆனார்கள். தலைவராக அரசு நியமித்த ஜி. கே. பணிக்கர் நிர்வாகம் தெரிந்த அதிகாரி. தொழில் தெரிந்தவர்களும் கணக்கு தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். உச்ச காலத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை கொடுத்தது அந்த அமைப்பு. பின்னால் பீடி விற்பனை சரிந்தபோது குடை, உணவுப்பொருள் என்று மாறிப் பார்த்தது.

கண்ணூர்த் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் புரிந்தது எப்படி? அங்கே பட்டறையில் கூட்டாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கேட்டதைப் பற்றி விவாதம் நடக்கும். பல வருஷம் அப்படிக் கேட்டுப் பேசிப் பழகியவர்கள்தான் நிர்வாகக் குழுவுக்கு வந்தார்கள். நம்ம பக்கத்துப் பெண்கள் அவரவர் திண்ணையில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். கைத்திறமையில் குறைவில்லை. சேர்ந்து உட்கார இடம்தான் இல்லை.

கடைசியாகச் சட்டம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின்கீழ் வந்தாலும் அதன் உயிர் கூட்டுறவுதான்: பங்கு எத்தனை வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. 2002-ல் செய்த திருத்தம் இதற்கு வழி திறந்தது. இயக்குநர்கள் ஐந்து முதல் பதினைந்து வரை. மொத்த இயக்குநர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் வல்லுநர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஓட்டு இல்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கு 2011-ல் வந்த 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் ஏறக்குறைய இதையே சொன்னது: 21 இயக்குநர்கள் வரை, அதில் பெண்களுக்கு இரண்டு, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு ஒன்று, அதற்குமேல் வங்கி, நிர்வாகம், நிதி போன்றவற்றில் அனுபவம் உள்ளவர் இரண்டு பேர் வரை, சங்கத் தேர்தலில் ஓட்டு இல்லாமல். மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதல் பெறவில்லை என்பதால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் அதிலிருந்த யோசனை நல்லது. வெளி அனுபவம் மேசைக்கு வரட்டும்; நாற்காலி உறுப்பினரிடமே இருக்கட்டும். இது தலைகீழானால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். தேர்ந்தெடுத்த குழு இல்லாமல் தனி அலுவலர் பார்த்துக்கொள்ளும் காலங்களில் கோப்பு நகரும்; உறுப்பினர் தன் சங்கத்தையே மறந்துபோவார்.

ஆக நண்பருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். போர்டுக்கு மூன்று வகை அனுபவம் வேண்டும்: தொழில் அனுபவம், கணக்கு அனுபவம், அடிபட்ட அனுபவம். உங்களிடம் முதலாவது நிறைய இருக்கிறது. அதிலும் பத்துப் பேரும் தோட்டக்காரர்கள். காய் பறித்துத் தரம் பிரிக்கிற பெண்ணுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. அடுத்த தேர்தலிலாவது, உறுப்பினராக இருக்கிற அப்படி ஒரு பெண்ணைக் கொண்டு வாருங்கள். கணக்குக்கு ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவரை வல்லுநராகச் சேருங்கள், ஒரு நிபந்தனையோடு: ஒரு வருஷத்துக்குள் பத்துப் பேருக்கும் ஐந்தொகை வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்காத வல்லுநர் போகும்போது அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

போனில் இதைச் சொன்னேன். "சரி அண்ணாச்சி, அந்த அடிபட்ட ஆளுக்கு எங்க போக?" என்று கேட்டார்.

"உங்க பக்கம் நொடிச்சுப்போன சங்கம் எதுவும் இல்லையா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒண்ணு இருந்துச்சு. இருபது வருசத்துக்கு முன்னால. செயலாளரா இருந்தவரு இன்னும் ஊர்லதான் இருக்காரு. ஆனா சங்கத்தை மூடுன ஆளுன்னு அவரை யாரும் எதுக்கும் கூப்பிடுறதில்லை."

"மூடும்போது கணக்குக் காட்டுனாரா?"

"காட்டுனாரு. ஊர்க்கூட்டம் போட்டு, நோட்டை எல்லார் கையிலயும் கொடுத்துட்டுத்தான் சாவியை ஒப்படைச்சாரு."

"அப்ப முதல்ல அவரு வீட்டுக்குப் போங்க தம்பி" என்றேன்.