கருங்கல்லும் கச்சேரியும்: விதான சௌதாவின் அமைப்பைப் பற்றிய ஒரு விசாரணை

பெங்களூரில் ஒரே வீதியின் இரு மருங்கிலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு அரசாங்க மாளிகைகளுள், ரிச்சர்டு சாங்கி என்னும் ஐரிஷ் பொறியாளரின் திட்டப்படி எழுந்து 1868-இல் நிறைவெய்திய அட்டாரா கச்சேரியை ஐரோப்பியக் கலைக்கும், 1956-இல் முடிவுற்ற விதான சௌதாவைத் திராவிடக் கோயிற்கலைக்கும் உரியதாக்கிப் பேசுவது அறிஞரிடையேயும் வழக்கமாகிவிட்டது. இப்பாகுபாடு கண்ணுக்குப் பொருந்துமேயன்றித் தளவமைப்புக்குப் பொருந்தாது என்பதும், கோயிலிடமிருந்து விதான சௌதா பெற்றது கருங்கல்லைக் கையாளும் தொழில்முறை ஒன்றே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சரித்திரத்தைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1951 ஜூலை 13 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டியபொழுது கருதப்பட்டிருந்தது எளியதொரு கட்டடமே. மறு ஆண்டு முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தய்யா அந்த யோசனையைப் புறக்கணித்து, பொறியாளர் பி. ஆர். மாணிக்கத்தைக்கொண்டு, 700 அடி நீளமும் 350 அடி அகலமும் உடைய பெருமாளிகையாக அதனை விரித்தார். 1,500 கல்தச்சரும் கொத்தரும் மரச்சிற்பியரும், அவர்களுக்குத் துணையாக 5,000-க்கு மேற்பட்ட கூலியாட்களும் உழைத்தனர். கூலியாட்களிற் பலர் சிறைக்கைதிகள் என்பதைக் கலைவிமரிசகர்கள் ஏனோ எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இனி, கோயில் என்னும் அமைப்பின் உயிர்நிலை யாது என்று பார்ப்போம். கோபுரத்தில் தொடங்கி மண்டபங்களைக் கடந்து உள்ளே செல்லச் செல்ல, இடம் குறுகி, வெளிச்சம் குறைந்து, அலங்காரமும் அடங்கி, இறுதியில் கருவறை இருளில் அடியவன் தனித்து நிற்கும்படியாக அமைந்த அந்தப் படிமுறையே அதன் உயிர்நிலை. எங்கள் தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் சந்நிதியில் இம்முறை அதன் எல்லைக்கே சென்றுவிட்டது எனலாம். அங்கே கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை, பூசை முழுவதும் அடைத்த கதவுக்கே நிகழ்கிறது. (அடைத்த கதவின்முன் காத்து நிற்கும் பழக்கம் கச்சேரிகளுக்கும் உண்டெனினும், அதனைக் கட்டடக்கலையின் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது.) விதான சௌதாவிலோ உள்நோக்கிச் செல்லும் அத்தகைய கிரமம் எதுவும் இல்லை. நடுவே முன்தள்ளிய பிரதான பாகம், இருபுறமும் சமனாக நீளும் சிறகுகள், வான்வெளி முற்றங்கள், நீண்ட தாழ்வாரங்கள், அவற்றின் ஓரமாக வரிசை வரிசையாய் அதிகாரிகளின் அறைகள் என்னும் இத்தளவமைப்பு, எதிரே உள்ள சிவப்புக் கச்சேரியின் வமிசத்தைச் சேர்ந்ததே. பதினெட்டு இலாகாக்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர சாங்கி கையாண்ட தீர்வு, தூண்களின் உடையை மாற்றிக்கொண்டு வீதியைக் கடந்துவந்திருக்கிறது.

அங்ஙனமாயின் இதன் சிறப்பு எங்கே உளது? கிழக்கு முகப்பில் 200 அடிக்குமேல் அகன்று உயரும் படிவரிசையின் தலைப்பில், ஏறக்குறைய 40 அடி உயரமுள்ள பன்னிரண்டு கருங்கற்றூண்கள் நிற்கின்றன, அங்கேதான் உளது. ஹொய்சளச் சிற்பிகள் பேளூரிலும் ஹளேபீடிலும் செதுக்கிய மாக்கல் வகை மென்மையானது. நகத்தளவு அணிகலனையும் அதில் குடைந்து பிரித்துவிடலாம். கருங்கல் அத்தகையதன்று. குழிவரிசை இட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் தட்டிப் பிளந்தெடுத்த பின்னரும், உளி ஒவ்வொரு விரற்கடைக்கும் அதனோடு வழக்காடியே முன்னேற வேண்டும். ஆதலால் பரந்த முகங்களும் நேரிய விளிம்புகளும் ஆழமான நிழல்களுமே அதற்கு இயல்பான அழகு. இம்முகப்பில் கல்லின் அந்த இயல்பு மதிக்கப்பட்டிருக்கிறது. மூலைகளில் எழும் சிறு குவிமாடங்களில் அம்மதிப்பு தளர்கிறது. அவை சுமப்பதும் இல்லை, நிழல் தருவதும் இல்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் கல்லே மரத்தைப் பின்பற்றவில்லையா, ஆவுடையார்கோவிற் கொடுங்கையில் கல்தச்சன் மரச்சட்டங்களையும் ஆணிகளையும் அப்படியே கல்லில் காட்டவில்லையா என்று கேட்பர். ஆம், காட்டினான், ஆயினும் அக்கொடுங்கை மழைநீரைச் சுவரினின்று விலக்கி எறிகிறது, மண்டபத்துக்கு நிழலும் தருகிறது. ஒரு வடிவம் பிறிதொரு பொருளில் பிறந்தது என்பது குற்றமாகாது. வந்த இடத்தில் அதற்கொரு வேலை இருக்கிறதா என்பதே கேள்வி. இவ்வளவைகொண்டு பார்த்தால், விதான சௌதாவின் கொடுங்கைகள் தேறும், குவிமாடங்கள் தேறா.

கல்லின் பெருமையை நாடிய ஆபீஸ் கட்டடங்கள் இங்கிலாந்திலும் உள. 1911-இல் லிவர்பூல் துறைமுகத்தருகே எழுந்த ராயல் லிவர் கட்டடம் வெளியே கருங்கல்லாய்த் தோன்றினும், அதன் எலும்பு இரும்புக்கம்பி பொதிந்த காங்கிரீட்டு. வியாபார நிறுவனம் தன் ஸ்திரத்தன்மையைக் கல்லினால் அறிவித்துக்கொள்ள விரும்பியது. புதிதாகப் பிறந்த ஜனநாயக அரசும் அவ்வாறே விரும்பியது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களோ, அரசாங்கம் கல்லையும் சுண்ணாம்புச் சுர்க்கியையும் கொண்டு 1895-இல் முடித்த பெரியாற்றணையின் நீரால் விளைகின்றன. அங்கே அலங்காரத்துக்கு இடமே இல்லை. ஆனால் கல்லின் பாரம் முழுவதும் பயன்பட்டிருக்கிறது. அவ்வணையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுமையற்ற கல் சற்று உறுத்தவே செய்யும் என்பதை நான் மறைக்கவில்லை.

செலவு மிகுந்துவிட்டது என்ற கண்டனம் ஹனுமந்தய்யாவை விடாது தொடர்ந்தது. மாளிகை முடிவுற்ற 1956-ஆம் ஆண்டிலேயே அவர் பதவியையும் இழந்தார். ஆயினும் அவர் தேர்ந்த முகத்தின் செல்வாக்குக் குன்றவில்லை. இடம் போதாமையால் பக்கத்திலேயே எழுப்பப்பட்டு 2005-இல் திறக்கப்பட்ட விகாச சௌதா அம்முகத்தையே ஏறக்குறையப் பிரதி செய்திருக்கிறது. முகத்தை மட்டும் பெயர்த்தெடுத்து வேறோர் ஆபீசின்மீது பொருத்த இயன்றது என்பதே, அது பின்னாலிருக்கும் அமைப்பினின்றும் பிரிக்கத்தக்கது என்பதற்குப் போதிய சான்று. கருவறையை விட்டுவிட்டு மண்டபத்தை மாத்திரம் பக்கத்து மனையில் எழுப்பினால், அதனைக் கோயில் என்று எந்த ஸ்தபதியும் ஒப்பமாட்டார்.